திம்புள்ளையிற் சுவையும் நோயெதிர்ப்பும்: கோப்பி முதல் தேயிலை வரை

பயிர்களைத் தெரிந்தெடுத்து வளர்க்கும் மனித முயற்சி மிகப் பழைமையானது. உண்பதற்கு இனியதையும் விற்பதற்கு விலையுயர்ந்ததையுமே மனிதன் முதலில் நாடினான். நோயைத் தாங்கும் வலிமையை அவன் நாடத் தொடங்கியது பெரும்பாலும் நோய் வந்து சேர்ந்த பின்னரேயாம். சுவையும் நோயெதிர்ப்பும் ஒரே செடியில் ஒருங்கே அமைதல் அரிது. ஒன்றைத் தேடும்போது மற்றொன்று நழுவுகின்றது. பயிர் இனவிருத்தியாளர் இதனை ஆய்வுகூடத்துச் சிக்கலாகக் காண்பர். ஆயின் இலங்கையின் மலைநாட்டில், சிறப்பாகத் திம்புள்ளைப் பகுதியில், இச்சிக்கல் நிலத்தின் தோற்றத்தையும் அந்நிலத்தில் உழைத்த மக்களின் தலைவிதியையும் மாற்றிய ஒரு வரலாற்றுக் காரணியாகவே விளங்கியுள்ளது.

நுவரெலியாவுக்கு மேற்கே, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை, ஹட்டன் முதலிய ஊர்களைச் சூழ்ந்து பரந்து கிடக்கும் தோட்டப் பிரதேசமே தேயிலை வணிகத்தில் திம்புள்ளை எனப் பெயர் பெற்றது. இங்கு இரு பயிர்கள் அடுத்தடுத்து ஆட்சி செலுத்தின. இரண்டையும் இரு பங்கசுகள் தாக்கின. முதற்பயிர் அழிந்தது, இரண்டாவது பிழைத்தது. இவ்வேறுபாடு ஏன் நேர்ந்தது என்பதையும், பிழைத்ததற்குக் கொடுத்த விலை யாது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பியின் எழுச்சி

இலங்கையிற் கோப்பிச் செடி ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே அறியப்பட்டிருந்ததெனினும், அது பெருந்தோட்டப் பயிராகியது ஆங்கிலேயர் ஆட்சியிலேதான். 1824இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் தோட்டமொன்றைத் தொடங்கினார். தேசாதிபதி எட்வேட் பான்ஸ் கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டு அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். கண்டியைச் சூழ்ந்த காடுகள் முதலில் அழிக்கப்பட்டன. பின்னர் நிலந்தேடிய துரைமார் மேலும் உயரே ஏறினர். 1860களிலும் 1870களிலும் திம்புள்ளையின் அடர்ந்த காடுகள் வெட்டி எரிக்கப்பட்டு, அச்சாம்பல் மேட்டிற் கோப்பிக் கன்றுகள் நடப்பட்டன. 1870இல் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியது. 1878ஆம் ஆண்டளவிற் கோப்பி நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கராக விரிந்திருந்தது.

இவ்வாறு நடப்பட்டது அரபிக்கா இனக் கோப்பியாகும். மணத்தாலும் மென்மையான சுவையாலும் இலண்டன் சந்தையில் உயர்விலை பெற்றது அதுவே. எனினும் அதன் பிறப்பிலேயே ஒரு குறைபாடு மறைந்திருந்தது. அரபிக்கா தன்மகரந்தச் சேர்க்கையால் இனம்பெருக்குவது. யேமன் நாட்டிலிருந்து கைமாறிக் கைமாறிக் கீழைத்தேயங்களை வந்தடைந்த சில செடிகளின் சந்ததியே ஆசியத் தோட்டங்களை நிரப்பியது. ஆகவே மலைமலையாக விரிந்து கிடந்த அச்செடிகள் யாவும் பரம்பரையியல்பில் ஏறக்குறைய ஒரே தன்மையன. ஒரு செடியின் சுவை யாதோ அதுவே எல்லாச் செடிகளின் சுவையும். ஒரு செடியின் பலவீனம் யாதோ அதுவே எல்லாச் செடிகளின் பலவீனமும்.

துரு நோயும் ஆய்வாளரும்

1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படர்ந்திருப்பது காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்சு அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பங்கசு இயல் வல்லுநரான பேர்க்லி அதனைப் புதியதோர் இனமெனக் கண்டு, 'ஹெமிலெயா வஸ்டாற்றிக்ஸ்' எனப் பெயரிட்டார். 'வஸ்டாற்றிக்ஸ்' என்ற இலத்தீன் சொல் பேரழிவு செய்வது எனப் பொருள்படும். பெயர் பின்னர் மெய்யாயிற்று.

துரு நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. இலைகள் உரிய காலத்துக்கு முன் உதிர்கின்றன. உணவாக்கும் இலையை இழந்த கிளை தான் தாங்கிய காய்களை ஊட்ட இயலாது வாடுகின்றது. காய்கள் முற்றாமலே கறுக்கின்றன; பழுத்தவற்றிலும் விதை சிறுத்துப் பாரமற்றுப் போகின்றது. எனவே நோய் முதலிற் சிதைத்தது பழத்தின் தரத்தையும் விளைவையுமே. மரத்தின் இறப்பு பின்னரே வந்தது. ஏக்கருக்கு ஏறத்தாழ நாலரை அந்தராக இருந்த சராசரி விளைவு, பத்தாண்டுகளுக்குள் இரண்டு அந்தராகக் குறைந்தது. எனினும் அக்காலத்திற் கோப்பி விலை உயர்ந்திருந்தமையால் இந்த இழப்புப் பலர் கண்ணுக்கு மறைந்தது. விளைவு குறையக் குறையப் புதிய காடுகள் வெட்டப்பட்டன. திம்புள்ளையின் பெரும்பகுதி இவ்வாறு நோய் நாட்டில் நிலைகொண்டுவிட்ட பின்னரே கோப்பி நிலமாயிற்று என்பது நோக்கற்பாலது.

1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் நோயை ஆராயும்பொருட்டு இலங்கைக்கு வந்தார். வித்திகள் இலையின் இலைவாய் வழியாக உட்புகுவதை அவர் காட்டினார். காற்றில் வித்திகள் மிதந்து பரவுவதைக் கண்ணாடித் தகடுகளிற் பிடித்து மெய்ப்பித்தார். அவர் எடுத்துரைத்த கருத்துக்களுள் மிக முக்கியமானது, இடையீடின்றி ஒரே பயிரைப் பரப்பியமையே நோயின் வேகத்துக்குக் காரணம் என்பதாகும். காற்றைத் தடுக்கும் மரவரிசைகளும் வேறு பயிர்களும் இடையிடையே இருந்திருப்பின் நோய் இவ்வளவு விரைந்து பரவியிராது. ஆயின் நட்டமான தோட்டத்தைப் பிரித்து நடுவதற்கு எவரும் ஆயத்தமாக இருக்கவில்லை. தோட்டக்காரர் வேண்டியது மருந்து. அவர் கொடுத்தது விளக்கம். 1882இல் அவர் நாடு திரும்பினார். மூன்றாண்டுகள் கழித்து, 1885இல், பிரான்சு நாட்டு மில்லார்தே என்பவர் திராட்சை நோய்க்கெதிராகச் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்தோக் கலவையின் பயனை வெளியிட்டார். இலங்கைக் கோப்பிக்கு அது காலந்தாழ்ந்து வந்த மருந்தாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி முறிந்துபோயிருந்தது.

லைபீரியக் கோப்பியின் பாடம்

நோயைத் தாங்கும் வேறு கோப்பி இனத்தை நாடும் முயற்சியும் அக்காலத்திலேயே நடந்தது. மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த லைபீரியக் கோப்பி கியூ பூங்காவின் வழியாக 1870களிற் பேராதனைக்குக் கொண்டுவரப்பட்டது. அது பெருமரமாக வளர்வது, இலை தடித்தது, பழம் பெரியது. துரு நோயை அரபிக்காவைவிட நன்கு தாங்குமென நம்பப்பட்டது. இலங்கையில் நோயெதிர்ப்பை நோக்கமாகக் கொண்டு மேற்கொள்ளப்பட்ட முதற் பெரும் பயிர்த்தேர்வு இதுவெனலாம்.

அம்முயற்சி இரு காரணங்களால் தோல்வியுற்றது. லைபீரியக் கோப்பி வெப்பமான தாழ்நிலத்தை விரும்புவது. திம்புள்ளையின் குளிர் உயரங்கள் அதற்கு ஒவ்வாதவை. அதன் பழத்தின் தோலும் சதையும் தடித்திருந்தமையால் அரபிக்காவுக்கென அமைந்த ஆலைகளில் அதனைப் பதப்படுத்துவதும் எளிதாக இருக்கவில்லை. அனைத்துக்கும் மேலாக அதன் சுவை கரடுமுரடானதெனச் சந்தை தள்ளிவிட்டது. காலப்போக்கில் நோயும் அதனைத் தொற்றியது. நோயெதிர்ப்பு இருந்தும் சுவை இல்லையெனின் வாங்குவார் இல்லை. சுவை இருந்தும் நோயெதிர்ப்பு இல்லையெனின் விற்பதற்குப் பண்டமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே இலங்கைக் கோப்பி வீழ்ந்தது.

இலங்கை கைவிட்ட இப்பணியை அயல்நாடு தொடர்ந்தது. மைசூர் நாட்டிலும் இந்நோய் பரவியிருந்தது. ஆயின் அங்கு கோப்பி முற்றாகக் கைவிடப்படவில்லை. நிழல் மரங்களின் கீழ் அது நிலைத்தது. 1911இல் கென்ற் என்ற தோட்டக்காரர் தம் தோட்டத்தில் நோயுறாது நின்ற செடியொன்றைத் தெரிந்தெடுத்துப் பெருக்கினார். 1925இற் பாலெஹொன்னூரில் நிறுவப்பட்ட கோப்பி ஆராய்ச்சி நிலையத்தில், துரு நோய்ப் பங்கசு ஒன்றன்று, பல வகைகளை உடையது என்ற உண்மையை மெய்ன் என்பவர் 1930களிற் கண்டறிந்தார். கென்ற் செடியின் எதிர்ப்பு ஏன் நாளடைவிற் குன்றியது என்பது அதனால் விளங்கிற்று. அரபிக்காவும் லைபீரியக் கோப்பியும் இயற்கையாகக் கலந்து தோன்றிய செடியொன்றின் வழிவந்த சந்ததியைக் கென்ற் வகையோடு கலந்து உருவாக்கிய எஸ். 795 என்ற வகை, 1940களின் நடுப்பகுதியில் வெளியிடப்பட்டது. சுவை குன்றாமல் ஓரளவு நோயெதிர்ப்பையும் பெற்ற அவ்வகை, கர்நாடகத்திலும் தமிழ்நாட்டின் சேர்வராயன் மலையிலும் பரவியது. இலங்கையிற் பயனற்றதெனக் கழிக்கப்பட்ட லைபீரியக் கோப்பியின் குருதியே அதன் எதிர்ப்புக்கு மூலமாயிருந்தது என்பது வரலாற்றின் வியப்புக்களுள் ஒன்று. தாழ்ந்ததெனக் கருதப்படும் இனமும் இனவிருத்தியாளனுக்குச் செல்வமாகலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பயிர் மாறியது, மக்கள் வாழ்வும் மாறியது

கோப்பிக்குப் பதிலாகச் சிங்கோனா சிலகாலம் முயலப்பட்டது. அதன் விலை வீழ்ந்ததும் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர் இது. 1873இல் 23 இறாத்தலாக இலண்டனுக்குச் சென்ற தேயிலை, 1895ஆம் ஆண்டளவில் மூன்று இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவியிருந்தது. கோப்பியை ஏற்றிச்செல்வதற்கென வேண்டப்பட்ட புகையிரதப் பாதை திம்புள்ளையின் ஊடாக நானுஓயாவை 1885இல் அடைந்தபோது, ஏற்றுவதற்குக் கோப்பி அருகியிருந்தது. அப்பாதை தேயிலையின் பாதையாயிற்று.

இம்மாற்றத்தின் ஆழமான விளைவு மக்களின் வாழ்விலே தோன்றியது. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாருடன் மன்னார் வழியாகக் கால்நடையாக வந்த உழைப்பாளர், அறுவடை முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். வழியிற் பசியாலும் நோயாலும் மாண்டவர் பலர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது, வாரந்தோறும் எடுக்கப்படவேண்டியது. கொழுந்தெடுக்கப் பெண்களின் கைகள் வேண்டப்பட்டன. எனவே குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களிற் குடியமர்ந்தனர். துரு நோய்ப் பங்கசு கோப்பியை அழித்திராவிடின் மலையக மக்கள் இன்று நாம் அறியும் வடிவில் ஒரு நிலைத்த சமுதாயமாக அமைந்திருப்பார்களா என்பது ஐயமே. பங்கசு ஒன்றே இதற்குக் காரணமென்பது மிகையாகும். ஆயினும் அதனை விடுத்து இவ்வரலாற்றை எழுதுதல் இயலாது.

கொப்புள நோய்

முதலில் நடப்பட்ட தேயிலை விதைத் தேயிலையாகும். தேயிலை அயன்மகரந்தச் சேர்க்கையால் விதை தருவது. ஆகவே ஒரு மலையில் நிற்கும் ஆயிரம் செடிகளில் ஒன்றுபோல் மற்றொன்று இராது. இலையின் அகலம், நிறம், கொழுந்து விடும் வேகம், தேநீரின் சுவை, நோயைத் தாங்கும் ஆற்றல் ஆகிய யாவும் வேறுபடும். ஒரே தன்மைத்தான கோப்பியோடு ஒப்பிடுகையில் இது பெரும் வேறுபாடாகும். தோட்டக்காரர் இதனைத் திட்டமிட்டுச் செய்தாரல்லர். செடியின் இயல்பே அவர்களுக்குக் காவலாயிற்று.

1946இன் பிற்பகுதியிற் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையிற் காணப்பட்டது. அசாமில் 1868ஆம் ஆண்டு முதலே அறியப்பட்டிருந்த இந்நோயின் பங்கசு தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒரே ஆண்டில் வந்தடைந்தது. இளங்கொழுந்தில் எண்ணெய்த்துளி போன்ற புள்ளி தோன்றி, மறுபுறத்தில் வெண்கொப்புளமாகப் பருத்து வித்திகளைச் சொரியும். முதிர்ந்த இலையை அது தொடுவதில்லை. தேயிலையின் பொருளாகிய கொழுந்தையே தாக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நீடிக்கும் திம்புள்ளை அதற்கு உகந்த இடம். கவ்வாத்துச் செய்த மலைகளில் புதிதாகத் துளிர்க்கும் செடிகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. சனவரி முதல் மார்ச்சு வரை வீசும் உலர்ந்த குளிர்காற்றிலேதான் திம்புள்ளைத் தேயிலை தன் சிறந்த மணத்தைப் பெறுகின்றது. ஒரே மலை ஒரு பருவத்திற் சுவையையும் மறு பருவத்தில் நோயையும் தருகின்றது. சுவை தரும் உயரத்தை விட்டு நோயிலிருந்து தப்பியோட வழியில்லை.

எனினும் 1869இன் நிலை இம்முறை நேரவில்லை. 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில், நோயின் நடுவிலேயே அமைந்திருந்தது. வார்டுக்குக் கிட்டாத செப்பு மருந்து இப்போது கையிலிருந்தது. மழைக்காலத்தில் ஏறத்தாழ வாரத்துக்கொருமுறை மருந்தடிக்கும் முறை வகுக்கப்பட்டது. கவ்வாத்துக் காலம் மாற்றப்பட்டது. வெயில் படுவதற்காக நிழல் மரங்கள் குறைக்கப்பட்டன. தேயிலை பிழைத்தது.

பிழைக்கச் செய்த கைகள் எவருடையவை என்பதையும் வரலாறு குறித்தல் வேண்டும். மருந்துக் கலனை முதுகிற் சுமந்து செங்குத்தான மலைகளில் மழையினூடே ஏறியவர் தோட்டத் தொழிலாளரே. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அம்மக்கள் வாக்களித்துத் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகச் சி. வி. வேலுப்பிள்ளை தெரிவானார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. தேயிலையைக் காப்பாற்றும் போராட்டம் உச்சத்திலிருந்த அதே ஆண்டுகளில், அப்போராட்டத்தை நடத்தியவர் தம் உரிமையை இழந்தனர். செடிக்குக் கிடைத்த பாதுகாப்பு அதனை வளர்த்தவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வநீதி சட்டத்தளவில் முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

வீ.பீ. தேயிலையும் புதிய ஒருமையும்

மருந்து ஒரு தற்காப்பு. செடியினுள்ளேயே எதிர்ப்பை அமைப்பதே நிலையான வழி. ஆராய்ச்சி நிலையத்தில் டப்ஸ் என்பவர் 1930களிலேயே தண்டுத் துண்டிலிருந்து தேயிலையைப் பெருக்கும் முறையை ஆராய்ந்திருந்தார். ஓரிலையும் ஒரு மொட்டும் கொண்ட துண்டு தவறணையில் வேர்விட்டு, தாய்ச்செடியின் இயல்பு முழுவதையும் பெற்ற கன்றாகும். தோட்டங்களில் 'வீ.பீ. தேயிலை' என வழங்குவது இதுவே. சிறந்த தாய்ச்செடி ஒன்றைக் கண்டால் அதனை இலட்சக்கணக்கிற் பெருக்கலாம் என்ற வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

ஆயின் 'சிறந்தது' எது? விளைவா, சுவையா, நோயெதிர்ப்பா? 1950களின் இறுதியில் மீள்நடுகை மானியம் வழங்கப்படத் தொடங்கியபோது விளைவே முன்னுரிமை பெற்றது. புகழ்பெற்ற டீ.ஆர்.ஐ. 2025 முதலியன பழைய விதைத் தேயிலையைவிடப் பன்மடங்கு கொழுந்து தந்தன. அவ்வரிசையிற் பல ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாயின் விதைகளிலிருந்து தெரிவானவை. கொப்புள நோயைச் சிறப்பாகத் தாங்குவதென அறியப்பட்ட டீ.ஆர்.ஐ. 2043, ஊதாச்சாயல் படர்ந்த இளங்கொழுந்தை உடையது. எல்லா நன்மைகளும் ஒரே செடியிற் கூடி வரவில்லை.

இங்கு வேதியியல் ஒரு நம்பிக்கையைத் தருகின்றது. தேநீரின் நிறத்துக்கும் துவர்ப்புக்கும் உரத்துக்கும் காரணமான கற்றச்சின் வகைச் சேர்மங்களே, பங்கசை எதிர்க்கும் செடியின் படைக்கலங்களாகவும் விளங்குகின்றன. இலை ஊதாநிறம் பெறுவதற்குரிய சேர்மங்களும் அக்குடும்பத்தைச் சார்ந்தவை. ஆகவே தேயிலையிற் சுவையும் எதிர்ப்பும் கோப்பியிற்போல முற்றிலும் பகைத்து நிற்கவேண்டியவை அல்ல. ஆயினும் மணம் வேறு சேர்மங்களாலாவது. அதனையும் சேர்த்துப் பெறுவது எளிதன்று. தேயிலைச் செடியொன்றைக் கலப்பினால் உண்டாக்கி, சோதித்து, தோட்டங்களுக்கு வழங்குவதற்கு இருபதாண்டுகளுக்கு மேலும் ஆகலாம். பங்கசின் ஒரு தலைமுறையோ சில வாரங்களுள் முடிந்துவிடுகின்றது.

முடிவாக

1869இன் கோப்பி ஒரே தன்மையால் வீழ்ந்தது. 1946இன் தேயிலை பன்மையோடும் மருந்தோடும் நின்று பிழைத்தது. இன்று வீ.பீ. தேயிலை பரவப் பரவ, மலைகள் மீண்டும் ஒருமையை நோக்கிச் செல்கின்றன. ஒரே தாயின் சந்ததியால் நிரம்பிய மலையில், மருந்தே இடைநின்று காக்கின்றது. அம்மருந்தும் எக்காலமும் கைக்கெட்டும் என்ற உறுதியில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பயிர்ப் பாதுகாப்பு இரசாயனங்களினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்கள், தோட்டம் எத்துணை மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பதை உணர்த்தப் போதுமானவை.

திம்புள்ளையின் உயர்மலைகளில் நூறாண்டு கடந்த விதைத் தேயிலை இன்னும் எஞ்சியுள்ளது. விளைவு குறைந்ததென அதனைப் பிடுங்கி எறிவது கணக்கேட்டுக்கு நியாயமாகத் தோன்றலாம். ஆயின் அம்மலைகளில் நிற்கும் ஒவ்வொரு செடியும் வேறொன்று. எதிர்காலத்து நோயொன்றைத் தாங்கும் ஆற்றலும், இன்றைய செடிகள் இழந்துவிட்ட மணமும் அவற்றுள் எதில் உறங்குகின்றனவென எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. லைபீரியக் கோப்பி தந்த பாடம் இதுவே. புதிய செடிகளை நடுவதற்கு முன் பழைய மலைகளிலிருந்து தாய்ச்செடிகளைத் தெரிந்து பேணுவதும், ஒரே வகையால் முழுத்தோட்டத்தையும் நிரப்பாது பல வகைகளைக் கலந்து நடுவதும் அறிஞர் மட்டும் ஆற்றும் பணியன்று. எந்த மலையில் எந்தச் செடி மழைக்காலத்திலும் கொப்புளமின்றித் துளிர்க்கின்றது என்பதை நாள்தோறும் அச்செடியைத் தொடும் கைகள் அறியும். அவ்வறிவையும் ஆராய்ச்சியோடு சேர்த்துக்கொள்வதாயின், தேயிலைக்கும் அதனை நம்பி வாழும் மக்களுக்கும் அது நன்மை பயக்கும்.